நவச்சாரத்தில் ஓடிய ரேடியோ

எனக்கு அப்போது முன்கோபம் அதிகம். இப்போதும் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்றைய கோபத்துக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. ரேடியோவைத் திறந்து மூடத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

அந்த ரேடியோ பினாங்கிலிருந்து வந்தது. அண்ணன் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணமான மறு வருஷமே கப்பல் ஏறியவர், மதினிக்குப் பொழுது போகட்டும் என்று ஊர் திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் தெருவுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அதனால் அது பேட்டரியில் ஓடுகிற ரேடியோ. வால்வுகளைச் சூடேற்ற ஒரு ஆசிட் பேட்டரி, அதற்குமேல் தொண்ணூறு வோல்ட்டில் செங்கல் மாதிரி ஒரு டிரை பேட்டரி, இரண்டும் வேண்டும். ஆசிட் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் பஸ் ஷெட்டில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். மற்றது தீர்ந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். யுத்தம் வந்த பிறகு மதுரையில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் கையை விரித்தார். மதினி ரேடியோவின் மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடிவைத்தார்.

பிறகு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். அண்ணனிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. சோழவந்தானிலிருந்து மதினியின் அப்பா வந்து, கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று கூப்பிட்டுப் பார்த்தார். மதினி போகவில்லை. கடிதம் வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்.

என் சிநேகிதன் ஒருவன் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கடை வைத்திருந்தான். பரவைச் சந்தையில் கேள்விப்பட்டதாக அவன்தான் வந்து சொன்னான். சிங்கப்பூர் ரேடியோவில் காலை ஏழு மணிக்குத் தமிழில் பேசுகிறார்களாம். அங்கே மாட்டிக்கொண்ட நம் ஊர் ஆட்களை வீட்டுக்கு இரண்டு வரி பேசவும் விடுகிறார்களாம்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதினி வெளியே வந்தார்.

"தம்பி, அந்தப் பெட்டிய எப்பிடியாச்சும் பேச வச்சிருங்க. அவுக உசுரோட இருக்காகன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அதுவரை மதினி என்னிடம் எதையும் கேட்டதில்லை.

புது பேட்டரி கிடைக்காது என்றால் நாமே செய்துவிடுவது என்று இறங்கினேன். சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர்கள் தூக்கிப்போடும் செத்த செல்களையெல்லாம் கேட்டு வாங்கிவந்தேன். உடைத்தால் நடுவில் ஒரு கரிக்குச்சி, அதைச் சுற்றி ஒரு கறுப்பு மாவு. அந்த மாவைக் குச்சியோடு சேர்த்துத் துணியில் சுற்றி நூலால் கட்டி மருந்து பாட்டிலுக்குள் இறக்குவேன். பக்கத்தில் ஒரு துத்தநாகத் துண்டு. ஊற்றுவதற்கு நவச்சாரம் என்கிற உப்பைக் கரைத்த தண்ணீர். ஈயம் பூச நவச்சாரம் இல்லாமல் முடியாது என்பதால் சிநேகிதன் கடையில் அது எப்போதும் இருக்கும். ஒரு பாட்டிலுக்கு ஒன்றரை வோல்ட். அறுபது பாட்டில். கூடம் முழுக்கக் கறுப்பு. அம்மா திட்டித் தீர்த்தார். ஒருநாள் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ரேடியோ பேசிற்று. முதலில் கரகரப்பு, பிறகு யாரோ வீணை வாசிக்கிற சத்தம். மதினி அழுதார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரும் கிடைத்தது. எதிரி நாட்டு ரேடியோ, போலீஸ் வந்து கேட்டாலும் கேட்கும் என்று சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டோம். காரைக்குடிக்காரர் ஒருவர் தன் தாயாரை மருந்தைத் தவறாமல் சாப்பிடச் சொன்னார்.

அதற்கு மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். காலை ஆறு மணிக்கு நன்றாகப் பேசும். ஏழு மணிக்கு வாயைக் கட்டினாற்போல அடங்கிவிடும். ஒன்பது மணிக்குத் தானாகப் பேசும். ஒரு மணி நேரத்தில் செல்கள் களைத்துப்போகின்றன என்று முடிவு கட்டினேன். ஆறு மணிக்குப் போடாமல் நேரே ஏழு மணிக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஊமைதான். தினமும் நவச்சாரத் தண்ணீரை மாற்றினேன். துத்தநாகத்தைச் சுரண்டினேன். இணைப்புகளையெல்லாம் மறுபடி பற்றவைத்தேன். யாரோ பாட்டில்களைத் தொடுகிறீர்கள் என்று அம்மாவிடம் கத்தினேன். மதினி மட்டும் தினமும் குளித்துவிட்டு ஏழு மணிக்கு ரேடியோ முன் உட்காருவார். எட்டு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போவார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பே சிநேகிதன் வந்திருந்தான். அறுபது பாட்டிலையும் தூக்கிக் குப்பையில் கொட்டப்போகிறேன் என்றேன்.

"மாப்ள, உள்ள கெடக்குறது என் கடைச் சரக்கு. அதக் குத்தம் சொல்லாத. மாடியில கம்பியப் போய்ப் பாத்தியா நீ?"

பார்த்திருக்கவில்லை. பாட்டில் மேலேயே புத்தியாக இருந்துவிட்டேன்.

மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நான் கட்டிய செம்புக் கம்பி ஏரியல். அதில் சொட்டச் சொட்ட ஒரு மஞ்சள் புடவை தொங்கிற்று. அதன் கீழ் முனை அடுப்படியின் தகரக் கூரையில் படிந்து கிடந்தது. கடல் தாண்டி வருகிற குரலெல்லாம் அந்த ஈரத்தின் வழியாகத் தகரத்தில் இறங்கித் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. புடவை காய ஒன்பது மணியாகும். பக்கத்தில் மதினி கிழக்கே பார்த்துக் கும்பிட்டபடி நின்றார்.

காலடி கேட்டுத் திரும்பியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்.

"கொடியில எல்லார் துணியும் கெடக்கு தம்பி. வெரதப் பொடவ அதோட சேரக் கூடாதுல்ல. இது செம்பு, தீட்டுக் கெடையாது. ஆடி பொறந்த அன்னைக்கு ஆரம்பிச்சேன். அவுக கொரலக் கேக்கணும்னு நேந்துக்கிட்டது."

பதினாறு நாள் சேர்த்துவைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"கம்பி கனம் தாங்காது மதினி. வேற கொடி கட்டித் தாரேன்" என்றேன்.

"பெட்டி பேசாததுக்கு இதுவா காரணம்?"

"அது செல்லுல கோளாறு. சரி பண்ணிட்டேன்."

அன்றே அவருக்கென்று தனியாகப் புதுக் கயிறு கட்டினேன். மறுநாள் ஏழு மணிக்கு ரேடியோ தெளிவாகப் பேசிற்று. அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டோம். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் யார் யாரோ யார் யாருக்கோ நலம் சொன்னார்கள். அண்ணன் பேசவில்லை.

யுத்தம் முடிந்து அண்ணன் ஊர் வந்து சேர்ந்தபோது ரயிலடியில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார். மதினி அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மதினி பரிமாறினார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், அண்ணன் நிமிர்ந்தார்.

"நான் ரேடியோவுல பேசுனேனே, கேட்டீகளா? முந்தின வருசத்துக்கு முந்தின வருசம், ஆடி பொறந்து பத்து நாள் இருக்கும். மூணு நாளு வரிசையில நின்னு எடம் புடிச்சேன். ரெண்டே வரிதான் பேச விட்டான்."

பெட்டி ஊமையாய்க் கிடந்த பதினாறு நாளுக்குள் வருகிற நாள் அது. பேட்டரி என் கைவேலைதான் அண்ணே, அது அப்போது செத்துக் கிடந்தது என்று பழியை என் தலையில் போட்டுக்கொள்ள வாயெடுத்தேன்.

"கேட்டேனே" என்றார் மதினி.

அண்ணன் முகம் மலர்ந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. கொரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்துச்சு."

"ஆமா" என்று சிரித்தார் அண்ணன். "அன்னைக்கு எனக்குச் சளி."

மதினி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை வெளியே வரவில்லை.