நான் படமெடுத்த திரையில் என் விரல்

வருஷக்கணக்காக வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சிவில் இன்ஜினியர் நான். கட்டிய வீடு ஒன்றுகூடச் சாயவில்லை. சாய்ந்தது நான்தான், மனிதன்-கணினி ஊடாட்டம் என்கிற பக்கமாக. ஒரு கருவியை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்கிற துறை. அதில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறேன் என்றதும் திருநகர்க் கூட்டாளி கேட்டான்:

"மாப்ள, மகனுக்குக் காலேஜ் தேடுற வயசுல ஒனக்கா தேடிக்கிட்டிருக்க?"

"சேந்தே போவம்டா. பஸ்ல பேச்சுத்தொணைக்கு ஆளாச்சு."

வாய்தான் அப்படிச் சொன்னது. ஆய்வுக் குழு தலைப்பை ஏற்றால்தான் பதிவு உறுதியாகும். இல்லையென்றால் மறுபடியும் செங்கல், ஜல்லி, சிமெண்டு.

முதல் சோதனை பழங்காநத்தத்தில், ஒரு சின்ன ஆஸ்பத்திரி வாசலில் வைத்த டோக்கன் திரை. வருகிறவர்கள் தாங்களாகவே தொட்டு டோக்கன் எடுக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்று வீடியோ எடுக்க வேண்டும். அம்புட்டுதான் வேலை. அத்தனை பேரும் சட்டென்று எடுத்துவிட்டார்கள். திரையில் குறையே இல்லை என்று மார்தட்டிக்கொண்டு, நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் என் வழிகாட்டியிடம் வண்டியை விட்டேன்.

அவர் என்னைவிட வயதில் நன்றாகவே இளையவர். வீடியோவைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"சார், இந்த மோதிரம் போட்ட விரல் யாரோடது?"

என்னுடையதுதான். யாராவது கொஞ்சம் தயங்கினால் போதும், "அண்ணே, அந்தப் பச்சையத் தொடுங்க" என்று நீண்டிருந்தது. நான் சும்மா இருந்த இடங்களில் வரிசையில் நின்றவர்கள் நீட்டியிருந்தார்கள். ஓர் அம்மா திரையைத் தொடவே இல்லை. பின்னால் நின்றவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அப்ப சோதனை செல்லாதா மேடம்?"

"செல்லாது சார்."

திரும்பும் வழியில் கொத்தனாரைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தே விட்டேன். அதற்கு முன் ஒரு டீ குடிக்கலாம் என்று நிறுத்தி, அந்த வீடியோவை மறுபடி ஓட்டினேன். நம்மூரில் ஒருத்தர் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பேர். இந்தத் திரைகளைச் செய்கிறவர்கள் ஒரு திரைக்கு ஒரு ஆள் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். இங்கே ஒரு திரைக்கு ஒரு வரிசையே வருகிறது. அப்படியானால் வரிசைக்கே திரை செய்தால் என்ன? தலைப்பை மாற்றினேன். வழிகாட்டி, "துணிஞ்சு பேசுங்க" என்றார்.

குழுவைப் பார்க்கக் கிளம்பிய காலையில் மனைவி, "சட்டைய மாத்துங்க, இப்பவே நனைஞ்சிருச்சு" என்றார். மாற்றியதும் நனைந்தது.

அங்கே போய் லேப்டாப்பைத் திறந்தால் புரொஜெக்டரில் வெறும் நீலம். எந்தப் பட்டனைத் தட்டுவது என்று தேடினேன். அடுத்த கணம் பேராசிரியர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"ஒயரக் கழட்டி மாட்டுங்க."

"அது இல்ல சார், பக்கத்துப் பட்டன்."

"தள்ளுங்க, நான் பாக்குறேன்."

தள்ளினேன். தள்ளி நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"என்னய்யா, நீங்க பாட்டுக்கு வேடிக்கை பாக்குறீங்க?" என்றார் குழுத் தலைவர். அவர் விரல் இன்னும் பட்டனில் இருந்தது.

"சார், இதுதான் என் தலைப்பு."

அவர் தன் விரலைப் பார்த்தார். சுற்றி நீண்டிருந்த விரல்களைப் பார்த்தார். அறையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் படமும் வந்துவிட்டது.

தலைப்பை ஏற்றுக்கொண்டார்கள். இப்போதெல்லாம் சோதனைக்குப் போனால் மோதிரக் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். இன்னொரு கைக்கு இன்னும் புத்தி வரவில்லை.