லாபத்தோடு பதினான்கு

காலை ஆறரை மணிக்கு நான் சமையலறை ஜன்னலைத் திறக்கும்போது, கீழே புல்வெளியில் பதினான்கு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இடமும் வலமுமாக அசைவார்கள். பேச்சு மூச்சு இருக்காது. திடீரென்று ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்; பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பிள்ளை இப்படி நின்றால் அன்று சாயங்காலமே வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பமானால் சாமியாரிடம் ஜெபத்துக்கு. இங்கே இதற்குப் பெயர் பயிற்சி.

ஆஸ்திரியாவில், மலைக்கு நடுவில் இருக்கும் பனிச்சறுக்குப் பந்தயப் பள்ளி இது. நான் இங்கே சமையல்காரன். கோடையில் பனி இருக்காது. ஆனாலும் பிள்ளைகளைச் சும்மா விடமாட்டார்கள். சக்கரக் காலணி மாட்டித் தார்ச்சாலையில் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய பட்டையில் நடக்க வேண்டும். பல் கிட்டும் குளிரில் ஏரியில் குதிக்க வேண்டும். கண்ணை மூடி ஆடுவது எதற்கு என்று பயிற்சியாளர் பிர்கிட்டிடம் ஒருநாள் கேட்டேன். "போன வருடம் விழுந்த பாதையில் மனதுக்குள் திரும்ப இறங்குகிறார்கள். விழுந்த கம்பத்தில் மறுபடியும் விழுவார்கள். அதைக் கடந்து போகும்வரை இறங்கவேண்டும்" என்றார். "இதை நான் பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன்" என்றேன். "அடடே, நீயும் பந்தய வீரனா? சொல்லவே இல்லையே!" என்று என் முதுகில் தட்டினார். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துப்போவார்கள். மதியச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு நானும் போவேன். பிர்கிட் முன்னால், பிள்ளைகள் நடுவில், கடைசி ஆள் நான். நிற்கும் இடத்திலெல்லாம் தலையெண்ணுவது கடைசி ஆளின் வேலை. நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணுவேன். அதுவும் ஜெர்மன் மொழியில் மட்டும். பிள்ளைகள் என்னைக் கணக்கு வாத்தியார் என்று கேலி செய்வார்கள். தமிழில் எண்ணினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. 'லாபம்' என்போம். அடுத்தது இரண்டு, மூன்று என்று போகும். நைனார்பாளையத்தில் எங்களுக்கு இருந்தது முக்கால் காணி நிலம்தான் என்றாலும் அதிலும் லாபம் சொல்லித்தான் ஆரம்பிப்போம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சமையல் படிப்பு விடுமுறைக்கு வந்திருந்த என்னை, அறுத்த ஆட்களுக்குக் கூலிநெல் அளக்க அப்பா களத்தில் நிறுத்திவிட்டார். இரண்டு நாள் காலையிலிருந்து இருட்டும்வரை லாபம், ரெண்டு, மூணு. தூக்கத்திலும் வாய் அதையே முணுமுணுத்தது.

மூன்றாம் நாள் எங்கள் கோயில் பாடற்குழு கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போனது. மினிலாரியில் டிரைவர் போகப் பத்தொன்பது பேர். சகாயமும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் பாடினால் சாமியாரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார், அப்படி ஒரு குரல். அருவியில் குளித்துக்கொண்டிருந்தபோது மேலே எங்கேயோ மழை பிடித்தது. தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வண்டியில் ஏறினோம். மேலே தார்ப்பாயை இழுத்து மூடியதும் உள்ளே கும்மிருட்டு. டிரைவர் எண்ணச் சொன்னார். நான் என்னையும் சேர்த்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். பழக்கதோஷத்தில் லாபம் என்று ஆரம்பித்துவிட்டேன். பதினெட்டில் முடிந்தது.

லாபத்துக்குப் பிறகு நான் சொன்னது ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் லாபத்தையும் சேர்த்துப் பத்தொன்பது. இரண்டு என்றால் ஓர் ஆள் இல்லை. எனக்கு நினைவில்லை. திரும்ப எண்ண அரை நிமிடம் ஆகியிருக்கும்.

"எவ்ளோடா வருது? ஆறு எறங்கி வந்துக்கினு இருக்குது!" என்று டிரைவர் கத்தினார்.

"லாபத்தோட பத்தொம்போதுண்ணே, எடுங்க" என்றேன்.

மலை இறங்கி, கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தி, எங்களுக்குப் பத்தொன்பது டீ சொன்னோம். தட்டில் ஒரு டம்ளர் மிஞ்சியது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குள் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஏறிவிட்டது. மறுநாள் காலையில்தான் மேலே போக முடிந்தது. அருவிக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் சகாயத்தின் உடலைக் கண்டெடுத்தார்கள். கரையிலிருந்த மரத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கிளையில், அவனுடைய மஞ்சள் துண்டு தொங்கியது. வெள்ளம் கொண்டுவந்து மாட்டியிருக்கிறது என்றார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெள்ளம் முடிச்சுப் போடாது.

அடக்கம் முடிந்த அன்று அவன் அம்மா பிலோமினா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணிப் பாத்தியாப்பா?" என்று கேட்டார். "எண்ணுனேங்க அத்த. ஏறிட்டான். அப்புறம் எப்ப எறங்குனான்னுதான் தெரியல" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஊரில் இருக்க முடியவில்லை. படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் விசாவில் கிளம்பினேன். பிழைக்கப் போனவன் என்று ஊரில் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள். தப்பித்துப் போனவன் நான்.

வந்த இடத்திலும் மலைதான். ஏரிக்கரையில் யாராவது மஞ்சள் துண்டை உலர்த்தியிருந்தால் அந்தப் பக்கம் போகமாட்டேன். சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைக்கும்போது ஒரு தட்டு அதிகமாக வந்துவிடும். அது மிஞ்சுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லாததால், அதில் நானே சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த ஜூலையில் ஒருநாள் கணவாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பத்து எட்டுக்கு முன்னால் யார் போகிறார் என்று தெரியாத அளவுக்கு மேகம் இறங்கிவிட்டது. தூரத்தில் இடி. ஒரு பாறைக்கு அடியில் எல்லோரையும் ஒதுக்கி, பிர்கிட் என்னை எண்ணச் சொன்னார். முகம் தெரியாததால் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். கைக்குக் கீழே ஈரத் தலைகள். என் வாய் என்னைக் கேட்கவில்லை. லாபம், ரெண்டு, மூணு என்று தானாகவே போய்ப் பதின்மூன்றில் நின்றது.

"எத்தனை?" என்றார் பிர்கிட்.

"லாபத்தோடு பதினான்கு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி தார்ப்பாயின் நாற்றம் அடித்தது. வாயை மூடிக்கொண்டு பாதையின் குறுக்கே கையை விரித்து நின்றேன். "யாரும் நகரக்கூடாது. திரும்ப எண்ணவேண்டும்" என்றேன். "இப்போதுதானே எண்ணினாய்! இடி பக்கத்தில் வருகிறது, விளையாடாதே!" என்று பிர்கிட் கோபப்பட்டார். அவருக்கு என்னை விளங்கவில்லை. விளக்க எனக்கு நேரமும் இல்லை. ஐன்ஸ், ஸ்வை, ட்ரை என்று சத்தம்போட்டு எண்ணினேன். பதின்மூன்று. "லேனியைக் காணோம்!" என்று ஒரு பிள்ளை கத்தியது.

வந்த வழியே ஓடினேன். ஐம்பது அடி தள்ளி, மேகத்துக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். கண்களை மூடி, கைகளை நீட்டி, இடமும் வலமுமாக அசைந்துகொண்டு. புல்வெளியில் தினமும் உதட்டைக் கடித்து நின்றுவிடும் அந்தப் பெண்தான். என் கால் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். "ஷூ கயிறு கட்டப் பாதையை விட்டு ஒதுங்கினேன், நிமிர்ந்தால் நீங்கள் யாரும் தெரியவில்லை, பயமாக இருந்தது. வருவீர்கள் என்று தெரியும். அதுவரை பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன்" என்றாள். பதின்மூன்று வயது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நான் அழுதது மழையோடு போயிற்று.

பள்ளிக்கு வந்து ஈரத்துணிகூட மாற்றாமல் நைனார்பாளையத்துக்குப் போன் போட்டேன். அங்கே பொழுது சாய்ந்து கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அத்த, நான் ராயப்பன் பேசறங்க."

"இன்னாப்பா, இன்னிக்கி நீ போன் பண்ற ஞாயித்துக்கெழம கூட இல்லியே. சாப்டியா?"

"சகாயம் விசயமா ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்கி பதினெட்டு பேருதாங்க இருந்தாங்க. நாந்தான் திரும்ப எண்ணாம பத்தொம்போதுன்னு சொல்லிட்டேன். உங்களாண்டயும் பொய் சொன்னேன்."

மணி ஓய்ந்தது.

"அப்ப அவன் ஏறவே இல்லியா?"

"இல்லீங்க அத்த."

"ஏறி எறங்குனான்னியே. காலைல அவன திட்டிதான்பா அனுப்பிச்சேன், வேல வெட்டி இல்லாம பாடிக்கினு திரியறன்னு. அந்தக் கோவத்துல வேணும்னே எறங்கி நின்னுட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப கூட அத நான் சொல்லல." மூச்சு வாங்கினார். "அந்தத் துண்டு முடிச்ச நான்தான் அவுத்தேன். ரெட்ட முடிச்சு. சாவ நின்னவன் எதுக்கு துண்ட கட்டுவான்? பன்னண்டு வருசமா எனக்கு வெளங்கல. வருவீங்கன்னுதான் கட்டிக்கீறான் எம்புள்ள."

"மன்னிச்சிடுங்க அத்த."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவன நல்லபடியா அழுதிருப்பேன்" என்றார். பிறகு, "இப்ப எதுக்கு இத சொல்ற?" என்று கேட்டார். லேனியைப் பற்றிச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"திரும்பவும் அந்தப் புள்ளைங்கள மலைக்கு கூட்டினு போவியா?"

"போவணுங்க."

"எண்ணி கூட்டினு வா" என்று வைத்துவிட்டார். மன்னித்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நடைக்கு வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் முதலில், யாரும் இல்லாத பாதையைப் பார்த்து, "லாபம்" என்றேன். லேனி திரும்பி நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அவள் தோளைத் தொட்டு ஐன்ஸ் என்று ஆரம்பித்து, கடைசிப் பிள்ளையில் பதினான்கு சொல்லி முடித்தேன். பதினான்கு பேரும் இருந்தார்கள். பிர்கிட் முன்னால் நடந்தார், பிள்ளைகள் பின்னால் போனார்கள். கடைசி ஆள் நான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குப் பின்னால் வருகிறவனுக்காக, நான் கொஞ்சம் மெதுவாகவே நடக்கிறேன்.