உடைப்புக்கு அந்தப் பக்கம்

பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையோரமாக எண்ணூர் வரை சைக்கிளில் போனவன் நான். ஞாயிறுதோறும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மிதிக்கிற அலுவலக இளைஞர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மரியாதை கிடைக்கிறது. கேரியரில் உட்கார்ந்தா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மிதித்தவள் அக்கா. அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பாலிடெக்னிக் முடித்த அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. முதல் ஷிப்டுக்கு ஏற்ற பஸ் இல்லை, சைக்கிளில் போகிறேன் என்றாள். ராணுவத்துக்கு டாங்கி செய்து கொடுக்கும் அப்பா, மகளின் சைக்கிளுக்குப் பயந்தார். "பாதி வழியிலே கால் ஓஞ்சிடும்" என்றார்.

அப்பாவின் கால் ஓயாது என்பது எங்கள் வீட்டு வரலாறு. கல்யாணத்துக்கு முன்பு மணலியிலிருந்து கால்வாய்க் கரையிலேயே எண்ணூர் வரை மிதித்த கதையை, சாம்பார் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவே சொல்வார். ஆந்திராவிலிருந்து உப்பும் விறகும் படகில் வந்த தண்ணீர், கரை நெடுக முள், எருமை, எல்லாம் விவரமாக வரும். பிறகு "அப்புறம் நேரா எண்ணூர்தான்" என்று கைகழுவப் போய்விடுவார்.

"நீங்க போன வழியிலே நானும் போயிட்டு வரேம்பா. வந்துட்டா வேலைக்கு சைக்கிள்ல போலாமா?" என்றாள் அக்கா. அப்பாவால் மறுக்க முடியவில்லை. சாட்சிக்கும் பாதுகாப்புக்குமாக, நாலாம் வகுப்பு படித்த நான் ஒரு கிரிக்கெட் ஸ்டம்புடன் அனுப்பப்பட்டேன்.

மணலியில் கரையில் ஏறியதும், முள், எருமை, எல்லாம் அப்பா சொன்னபடியே இருந்தன. பிறகு கரை சட்டென்று அறுந்து, நடுவில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. குறுக்கே ஒரு துருப்பிடித்த குழாய். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த நரைத்த பெண்மணி நிமிர்ந்தாள்.

"எங்கம்மா சைக்கிள இட்டுகினு?"

"எண்ணூருக்கு."

"வர்றவங்கல்லாம் இந்த ஒடப்பப் பாத்துட்டு திரும்பிப் பூடுவாங்கோ. நான் பாவாட கட்டுன காலத்துலேர்ந்து இப்டிதான் கீது."

அக்கா உடைப்பையும் அந்தப் பெண்மணியின் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து, "திரும்பிடலாம்க்கா, அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று பெருந்தன்மை காட்டினேன்.

"வாயை மூட்றா."

சைக்கிளைத் தோளில் தூக்கிக் குழாய்மேல் நடந்தாள். அதை அக்கரையில் சாய்த்துவிட்டு வந்து, அழுதுகொண்டிருந்த பாதுகாப்பையும் முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஸ்டம்ப் தண்ணீரோடு போயிற்று.

"இன்னா நைனா, அக்காவுக்குத் துணைக்கு வந்தியா?" என்றாள் அந்தப் பெண்மணி.

எண்ணூரில் கால்வாய் அகன்று அகன்று கழிமுகத்தில் விரிந்தது. எதிரே ஆளே இல்லை. அக்கா பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே போனாள்.

தார் ரோட்டிலேயே திரும்பினோம். வாசலில் நின்ற அப்பா சக்கரத்துச் சேற்றைக் குனிந்து பார்த்தார்.

"உடைப்பைத் தாண்டிட்டியா?"

"ம்."

"அந்தப் பக்கம் எப்படி இருந்தது?"

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். "நீங்க பாத்த மாதிரியேதாம்பா இருக்கு" என்று தொடங்கி, கழிமுகம், மீன்பிடிப் படகுகள், கடல்காற்று என ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்த பிறகும் அப்பா, தட்டில் மோர் சாதம் காய்வதுகூடத் தெரியாமல் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விடிகாலையில் அக்காவின் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

எனக்குத்தான் ஆறவில்லை. பெற்ற மகளை நம்பாமல் இப்படியா ஒருவர் குறுக்கு விசாரணை செய்வார்? அதிலும், சாட்சியை ஒரு கேள்விகூடக் கேட்காமல்.