சாவி அத்தையும் எண் பூட்டும்

இப்போது என் வீட்டுக் கதவு என் கட்டைவிரல் பட்டால் திறந்துகொள்கிறது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் எழுந்த அடுக்குமாடியில் ஆறாவது மாடி. எதிர் வீட்டுக் கதவிலும் அதே பூட்டுதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாய் இருக்கிறது, அதன் பெயர் மட்டும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் பூட்டைப் பார்த்து வியந்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். சாவி இல்லாத வாழ்க்கையை நாங்கள் அந்தக் காலத்திலேயே வாழ்ந்து பார்த்துவிட்டோம்.

அப்போது அண்ணனூரில், ரயில் பாதைக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தோம். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் நாலாவது படித்தேன். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் இப்படிக் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள். காலையில் கதவைப் பூட்டியதும் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். சாவியை எங்கள் எதிர் வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள்.

சொந்த அத்தை இல்லை. பெரம்பூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி அண்ணனூருக்கு வந்தவள். அவள் வீட்டுக்காரரை மாமா என்போம். மின்சார ரயில்களைப் பழுது பார்க்கிற கார் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். ஒரே மகன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே மாமா ஒரு பலகையை அடித்து, அதில் வரிசையாகக் கொக்கிகள் போட்டுக் கொடுத்திருந்தார். தெருவின் சாவிகள் எல்லாம் அங்கே தொங்கும். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் ஊக்கு, ஒன்றில் காது போன பிளாஸ்டிக் முயல். சாவி அத்தை என்றுதான் நாங்கள் பிள்ளைகளுக்குள் சொல்லிக்கொள்வோம்.

பள்ளி விட்டு வந்து சாவியைக் கேட்டால் அவள் லேசில் தந்துவிட மாட்டாள். முதலில் கை கால் கழுவ வேண்டும். பிறகு டீ, அதில் தோய்த்துத் தின்னப் பொறை ரொட்டி. அதற்குள் என் ரிப்பனை அவிழ்த்து, சிக்கெடுக்க ஆரம்பித்துவிடுவாள். எந்தப் பாடம், எத்தனை மார்க் என்றெல்லாம் ஒருநாளும் கேட்டதில்லை.

“இன்னிக்கு யார்கூட டூ உட்ட?” என்பாள்.

நான் சொல்லத் தொடங்கினால் அப்படிக் கேட்பாள், கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லப் போகிறவள் மாதிரி. “அவ பென்சில எட்துகினு இல்லன்னு சொன்னாளா? அதான பாத்தேன்!” என்று என் பக்கமே தீர்ப்பாகும். அடுத்த நாள் அந்தப் பென்சில்காரியும் அவள் வீட்டுச் சாவிக்கு அங்கேதான் வருவாள், தீர்ப்பு அவள் பக்கம் போகும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் குறையாகத் தோன்றியதில்லை.

இப்படி இருந்தபோதுதான் துபாயிலிருந்து சித்தப்பா லீவில் வந்தார். சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், டார்ச் லைட்டோடு ஒரு கனமான பெட்டியும் வந்தது. உள்ளே பூட்டு. முகத்தில் எண்கள், ஒவ்வொன்றையும் அழுத்தினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். நாலு எண் சரியாக அழுத்தினால் கதவு திறக்கும். அப்பாவின் முகத்தில் அன்று கண்ட பெருமையை, நான் முதல் ரேங்க் வாங்கிய அன்றுகூடக் கண்டதில்லை. ஆசாரி வந்து புதுத் தேக்குக் கதவில் துளை போட்டபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

எண்ணை எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். வீடு கைமாறிப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் அந்த எண்ணை வெளியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெருவே வந்து பார்த்தது. “சாவியே இல்லியா? அப்ப எத்த தொலைப்பீங்க?” என்று பக்கத்து வீட்டு அண்ணன் கிண்டல் செய்தார். கடைசியாக அத்தை வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொடாமல் எட்டி நின்று பார்த்தாள்.

“ஜோராத்தான் கீது. இனிமே சாவிய தூக்கிகினு அலைய வேணாம்” என்றாள்.

வீட்டுக்குப் போய் எங்கள் பழைய சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதை வாங்கி எங்கே வைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. எனக்குப் பூட்டை அழுத்திப் பார்க்கிற அவசரம்.

முதல் வாரம் நான்தான் தெருவுக்கு ராணி. பிள்ளைகள் சுற்றி நிற்க, எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு அழுத்துவேன். பூட்டு திறக்கும், எல்லாரும் ‘ஓ’ என்பார்கள். பிறகு அவரவர் சாவிக்காக எதிர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். நான் என் வீட்டுக்குள் போவேன். உள்ளே பிளாஸ்க்கில் அம்மா ஊற்றி வைத்த பால் இருக்கும். டப்பாவில் அதே பொறைதான், அதே கடையில் வாங்கியது. ஆனால் தின்றால் மண் மாதிரி இருந்தது. ஜன்னல் வழியே எதிர் வீட்டுச் சிரிப்பு கேட்கும். பென்சில்காரிக்கு அத்தை சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். போக வேண்டியதுதானே என்று இப்போது கேட்கத் தோன்றும். சாவிக்கு வருகிறவர்களுக்குத்தான் அங்கே டீயும் பொறையும் என்று நான் நம்பியிருந்தேன். சாவி இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை?

யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. எண்தானே இப்போது சாவி? அதையும் அத்தையிடம் கொடுத்துவிட்டால் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். “அத்தே, பூட்டு நம்பர் சொல்றேன், கேட்டுக்கோங்க” என்றேன். முதல் எண்ணைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், மீன் நாற்றக் கையைத் தூரப் பிடித்து, மணிக்கட்டுகளால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, வேணாம் கண்ணு, சொல்லாத! சாவின்னா சாயங்காலம் திருப்பிக் குட்த்துடுவேன். நம்பர எப்டி திருப்பிக் குடுக்கறது?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தைக்கு என் மேல் கோபம், இனி நான் வேண்டாதவள் என்று முடிவு கட்டிவிட்டேன். “இருடி, பொறை துன்னுட்டு போ” என்று அவள் கூப்பிட்டது கேட்டும் நிற்காமல் ஓடிவந்தேன்.

மழைக்காலம் வந்தது. பூட்டுக்கும் ஏதோ உற்சாகம் வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் சின்னதாக ஒரு ராகம் பாட ஆரம்பித்தது. “பாத்தியா, பழகப் பழக எப்படிப் பாடுது!” என்று அப்பா பூரித்துப்போனார். வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். பேட்டரி தீர்ந்துகொண்டிருப்பதாக அது கதறியிருக்கிறது. நாங்கள் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. நான் வந்து எண்ணை அழுத்தினேன். பீப்பும் இல்லை, பாட்டும் இல்லை. மறுபடியும் அழுத்தினேன். கட்டை மாதிரி கிடந்தது. கோபித்துக்கொண்டு வந்த வீட்டுக்குப் போக ரோஷம். வாசற்படியில் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்க் கதவு திறந்தது.

“இன்னாடி நனஞ்சிகினு நிக்கிற? அறிவு கீதா உனக்கு? வா இங்க!” என்று அத்தை குடையோடு இறங்கி வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தலையைத் துவட்டி, டீயைக் கையில் கொடுத்தாள். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் “யார்கூட டூ?” என்றாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். அவளோடுதான் டூ என்பதை மட்டும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து சேர்ந்தாள். பிறகு அப்பா. பூட்டோடு அவசரத்துக்கென்று ஒரு சாவியும் வந்திருக்கிறது, அடிப்பக்கம் ஒரு மூடியைத் தள்ளினால் அதற்குத் துவாரம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “அந்தச் சாவிய எங்கங்க வச்சீங்க?” என்று அம்மா கேட்டாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பீரோல. பத்திரமா இருக்கட்டும்னு.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. “சாவிய பீரோல பூட்டி, பீரோவ ஊட்ல வெச்சிப் பூட்டிட்டு வந்துட்டீங்களா தம்பி!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா சிரித்தார். அம்மா சிரித்தாள். கடைசியில் அப்பாவும் சிரித்துவிட்டார். அத்தை ரவை வறுத்து உப்புமா கிளறினாள். இரண்டு குடும்பமும் அந்தச் சாவிப் பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தின்றோம். வெளியே மழை. இந்தப் பூட்டு திறக்கவே கூடாது மாதாவே என்று நான் படத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

மாதா கேட்கவில்லை. அத்தை வீட்டுப் போனிலிருந்து அப்பா துபாய்க்குப் பேசினார். பூட்டுக்குக் கீழே இரண்டு குமிழ் இருக்கும், அதில் ஒரு சதுர பேட்டரியை வெளியிலிருந்து ஒட்டிப் பிடித்து எண்ணை அழுத்தினால் திறக்கும் என்றார் சித்தப்பா. மாமாவின் கரண்ட் பார்க்கிற மீட்டரில் அப்படி ஒன்று இருந்தது. திறந்துவிட்டது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, அம்மா பீரோவிலிருந்து அந்த அவசரச் சாவியை எடுத்து, என் பழைய ரிப்பனில் கோத்து, எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா” என்றாள். அப்பா செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தார். அத்தை சாவியை வாங்கி, இத்தனை மாதம் காலியாக விட்டு வைத்திருந்த எங்கள் கொக்கியில் மாட்டினாள்.

அன்று சாயங்காலமே நான் போய் நின்றேன். “அத்தே, பூட்டு தொறக்கல.”

“அப்டியா? மழ ஈரம் உள்ள பூந்துகினு இருக்கும். கைய கழுவிகினு வா.”

அடுத்த நாளும் திறக்கவில்லை. மழை போய்ப் பனி வந்தது. “பனிக்கு வெறச்சிக்கும் கண்ணு” என்றாள். கோடையில் “இரும்பு சூடேறிக்கினா அப்டித்தான்” என்றாள். ஒவ்வொரு நாளும் டீ, பொறை, சிக்கெடுப்பு, தீர்ப்பு எல்லாம் முடிந்த பிறகே சாவி கைக்கு வரும். நன்றாகத் திறக்கிற பூட்டைத் திறக்கவில்லை என்று நான் சொல்வதை அத்தை கண்டுபிடிக்கவே இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இரண்டு வருடம் அப்படி ஓடியது.  இப்போது என்னை, இன்று யாரோடு சண்டை என்று கேட்க ஆளில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருக்கிறது.

மாமா ரிட்டயர் ஆனார். மகனோடு இருக்க ஓசூருக்குக் கிளம்பினார்கள். சாமான் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அத்தை வீடு வீடாகப் போய் அவரவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். ரிப்பனோடு சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே பூட்டு தொறக்கலன்னா இன்னா பண்ணுவ கண்ணு?”

அவள் கண் கலங்கியிருந்தது. என்னை விட்டுப் போகிறோமே, பிள்ளை வாசலில் நிற்குமே என்று கவலைப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது. அந்தக் கவலையைப் போக்க என்னிடம் மருந்து இருந்தது.

“அதெல்லாம் தொறக்கும் அத்தே. எப்பவுமே தொறக்கும். எனக்கு உங்க சாவி வேணவே வேணாம்” என்றேன்.

அத்தை சிரித்தாள். என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தெரு முனை திரும்பும்வரை நான் கையசைத்தேன். அவளுக்கு நல்ல ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு, எண்ணை அழுத்தி, வீட்டுக்குள் போனேன்.