பின்வீட்டுக்காரர் விட்ட வழி

செஞ்சியில் நாங்கள் புது மெத்தை வீட்டுக்குக் குடிபோன வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மாடித் தண்ணீரெல்லாம் கொல்லையில் கொட்டி, வெளியேற வழியில்லாமல் தேங்கி, பின்வீட்டு மண்சுவரைச் சரித்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் வேர்க்கடலை வியாபாரம் செய்த சமணர். நெட்டையான மனிதர். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்தே நடப்பார். அன்றும் குனிந்தபடி வந்தார். என் கணவர் ஊரில் இல்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"கடப்பாரை இருக்குதாம்மா? எங்க தோட்டத்துப் பக்கந்தான் பள்ளம். அப்படியே தெருவுக்கு வெட்டி வுட்டுடலாம்."

"உங்க எடமாச்சேங்க!"

"எடம் எங்கம்மா போவுது? தண்ணிதான போவுது" என்று சொல்லி அவரே வெட்டினார். எறும்புப் புற்று இருந்த இடத்தில் கால்வாயை வளைத்துக்கொண்டு போனார்.

சில வருஷம் கழித்து வீட்டை விற்றுவிட்டு, சமண மடம் இருக்கும் மேல்சித்தாமூருக்குக் கிளம்பினார். போகும் முன் வாங்கியவரை எங்கள் கொல்லைக்கு அழைத்துவந்தார்.

"இந்தக் கால்வாய மூடிடாதீங்க. இவங்க வூட்டுத் தண்ணி இப்படித்தான் போவணும்."

அப்படிச் சொல்லும்படி நான் அவரைக் கேட்கவில்லை. கேட்க எனக்குத் துணிச்சலும் வந்திருக்காது.