பிடித்துவைத்த இடம்

நாற்பத்திரண்டு வயதில், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், காலையில் ஐந்து தோசை தின்று செரிக்கிற நிலையில், என் கல்லறைக்கு நானே கல் நட்டேன். அதில் என் பெயரும் பிறந்த வருடமும் இருந்தன. இறக்கும் வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, எழுத்து வேலையில், இருந்தவன் நான். படிவத்தில் காலியிடம் இருந்தால் என்றைக்காவது யாராவது நிரப்புவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. மற்ற நம்பிக்கைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அப்போதே சிரித்தார்கள். "கல்லுக்கே பேர் குடுத்துட்டாரு, இனி எவன் இவருக்குப் பொண்ணு குடுப்பான்?" என்று சபையில் ஓர் அம்மாள் இன்னோர் அம்மாளின் காதில் சொன்னார். நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கிற மாதிரியான காது அது.

காரணம் என் மனைவி. எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய் இடம் பிடித்துவைப்பது அவள் வழக்கம். அதற்கென்று ஒரு கறுப்புக் குடை வைத்திருந்தாள். பஸ்ஸில், படக்கொட்டகையில், கல்யாணப் பந்தியில், அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அந்தக் குடை எனக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும். யாராவது நெருங்கினால் "ஆள் வர்றாங்க" என்பாள். ஆள் வருவதற்குள் பந்தியில் ரசம் வந்துவிடும். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு ஏதாவது ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் பாக்கியிருக்கும்.

வேதக் கோயிலில் மட்டும் குடைக்கு வேலை இல்லை. அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் கதவோரமாக உட்கார்ந்துகொள்வேன். மனைவியோடு ஜவுளிக்கடைக்குப் போகிற கணவனின் பக்தி என்னுடையது. துணியைத் தொட்டுப் பார்ப்பது அவள், வாங்குவதும் அவள். நான் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருப்பவன். நித்திய ஜீவனைப் பற்றிப் போதகர் பேசும்போது அவள் தலையாட்டுவாள். ஊருக்குப் போகும் வழியை ஏற்கெனவே விசாரித்து வைத்திருப்பவள் ஆட்டுகிற மாதிரியான ஆட்டல் அது.

மலாயாவின் விடுதலைக்கான நாளை எங்கள் மலாக்காத் திடலில்தான் முதலில் அறிவித்தார்கள். அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். நான் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் நிதானமாகப் போய்ச் சேர்ந்தபோது திடலில் ஊசி போட இடமில்லை. அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு கறுப்புக் குடை படுக்கை வாக்கில் நீண்டிருந்தது. அதன் நீளத்துக்கு வெற்றிடம். குடையின் மறுமுனையில் இவள், வேர்த்து விறுவிறுத்து. "ரெண்டு பேர் திட்டிட்டாங்க," என்றாள். "அதுல ஒருத்தர் போலீஸு." நான் போய் அந்த வெற்றிடத்தில் நின்றேன். அறிவிப்பு முடிந்திருந்தது. என்ன தேதி என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அந்தத் தேதிக்கு ஒரு மாதம் இருக்கையில் பெரியாஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்திருக்கமாட்டாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். தெரியாததுபோல் நடிப்பதில் நான் அவளைவிடத் தேர்ந்தவன். ஒரு பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நான் முன்னாடி போய் எடம் பிடிச்சு வக்கிறேன்," என்றாள்.

ஆரஞ்சை இன்னும் கவனமாக உரித்தேன்.

"வருவீங்கல்ல?"

நான் படித்தவன். அந்தக் கேள்விக்கு எத்தனை தேசத்து ஞானிகள் என்னென்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆம் என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ, இல்லை என்றால் கொலையாகிவிடுமோ என்று யோசித்தேன். கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: "பார்க்கலாம்."

அவள் சிரித்தாள். "உங்க பார்க்கலாம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை நான் போனபோது கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது.

அடக்கத்துக்கும் பிந்தித்தான் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் இருந்தன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சபையார் கால்மாட்டில் நெருக்கமாக நின்றுவிட்டார்கள். எனக்கு இடம் பிடித்துவைக்கிறவள் பெட்டிக்குள் இருந்தாள். சுற்றிக்கொண்டு போய் மதிலோரமாக, தலைமாட்டில், தனியாக நின்றேன். பக்கத்துக் குழிக்கான இடத்தையும் எனக்கென்று எழுதிவைத்திருந்தேன். அது எனக்கு வலப்பக்கமாகப் புல்லோடு கிடந்தது. இயேசு முன்னால் போய் நமக்கு இடம் ஆயத்தம் பண்ணுவதைப் பற்றிய வசனத்தைப் போதகர் வாசித்தார். எனக்குக் குடைதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் முடிவில் ஊரே திடலுக்குப் போயிற்று. நானும் போனேன். எங்கே நிற்பதென்று தெரியவில்லை. யார் யாரோ தள்ளினார்கள், நான் தள்ளப்பட்ட பக்கமெல்லாம் போனேன். கொடி ஏறியது தெரியவில்லை, முன்னால் நின்றவரின் பிடரி நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்று யாரும் கேட்காததால், விளக்கைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். பாக்கிப் பக்கங்கள் நிறைய இருந்தன. அவசரப்படுத்த ஆளில்லாவிட்டால் புத்தகம் சுவைப்பதில்லை என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

அந்தப் 'பார்க்கலாம்' என்னை விடவில்லை. கேள்வி கேட்டவள் பதிலுக்குக் காத்திருந்து பழகியவள். காத்திருக்கிறாளா, காத்திருக்க ஓர் இடம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவேளை எங்கேயோ குடையை நீட்டிக்கொண்டு, நெருங்குகிறவர்களிடமெல்லாம் "ஆள் வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தால்? எழுத்தில் பதில் கொடுப்பதுதான் கிராணிக்குத் தெரிந்த வழி. இரண்டு குழிக்கும் சேர்த்து ஒரே கல்லாக வைத்து, அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் வெட்டச் சொல்வதென்று தீர்மானித்தேன்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவிடம் இதைச் சொன்னேன். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற மலாக்காச் செட்டிகள் அவர்கள்; பெயரும் சாமியும் தமிழருடையவை என்றாலும் வீட்டில் பேச்சு மலாய்தான். அது பொங்கலுக்கு முந்திய வாரம். முன்னோர்க்கு இலை போட்டுப் படைப்பதற்காக அவர் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். இறந்துபோன கணவர் வருஷந்தவறாமல் வந்து சாப்பிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டு, என் மனைவி வருவதுண்டா என்று மலாயில் விசாரித்தார். எங்கள் வழக்கத்தில் இறந்தவர்கள் வருவதில்லை, நாங்கள்தான் அங்கே போக வேண்டும் என்றேன். அவர் அரைப்பதை நிறுத்தி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஜாவ்," என்றார். தூரம்.

கல் வெட்டியவர் டவுனில் கடை வைத்திருந்த ஒரு சீனர். தமிழ் எழுத்தை வரைந்து கொடுத்தால் கொசு உட்கார்ந்த அடையாளம்கூடத் தப்பாமல் வெட்டுவார் என்று பெயர். அடக்கத்தன்று நான் பார்த்தது அப்படியே மனதில் இருந்தது. ஒரு தாளை எடுத்து, அவளை இடப்பக்கமும் என்னை வலப்பக்கமும் போட்டு, படம் வரைந்து கொடுத்தேன்.

ஜனவரியில் கல் வந்தது. ஆட்கள் மரச்சிலுவையைப் பிடுங்கி, மழையில் அமிழ்ந்துபோன மேட்டையும் சமப்படுத்திவிட்டு நட்டார்கள். போய்ப் பார்த்தால் அவள் பெயர் கறுப்பில் இருந்தது. என் பெயர் மட்டும் குங்குமச் சிவப்பில்.

கோபத்தோடு கடைக்குப் போனேன். அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. "லூ பெலும் மாத்தி," என்றார். நீ இன்னும் சாகவில்லை. பிறகு, மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி விளக்கினார். உயிரோடு இருக்கிறவன் பெயருக்குச் சிவப்பு, செத்தவன் பெயருக்குக் கறுப்பு. அவர்கள் வழக்கம் அது. நான் செத்ததும் சொல்லி அனுப்பினால் வந்து மாற்றிக் கொடுப்பாராம். யார் சொல்லி அனுப்புவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். சீனர் கணக்கு சுத்தமான கணக்கு. ஆனால் என் மனைவியின் கணக்குப்படி பார்த்தால் சிவப்பு அவளுக்கல்லவா அடித்திருக்க வேண்டும்? அவள்தானே ஜீவனுக்குள் போனவள்? கூப்பிட ஆளில்லாத வீட்டில் தனக்குத்தானே சோறு வடித்துக்கொண்டிருக்கிற என்னை உயிரோடிருப்பவன் என்று சிவப்பு மையில் எழுதிவைத்தது, எவ்வளவு பெரிய மரியாதை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போய் அவள் பெயருக்கு நேரே நிற்பேன். பூ வைப்பேன். அலுவலகத்தில் நடந்ததைச் சொல்வேன். கேட்டதற்குப் பதில் மட்டும் வாயில் வரவில்லை. கல்லில் எழுதிவிட்டேனே, படித்துக்கொள் என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

ஈஸ்டர் அதிகாலையில் சபையார் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடுவது எங்கள் வழக்கம். அன்று எனக்கு முன்னதாகவே விழிப்பு வந்துவிட்டது. என் வாழ்நாளில் முதன்முறையாக, ஓர் இடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. குழி வெட்டுகிறவர் தூரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார், வேறு யாருமில்லை. அவள் பெயருக்கு நேரே நின்றேன். எந்தத் தேசத்து ஞானியும் அப்போது உதவிக்கு வரவில்லை. நன்றாக இருந்தது.

"வர்றேன்," என்றேன். காலியான தோட்டத்தில் அது கொஞ்சம் உரக்கவே கேட்டது. "பிந்தித்தான் வருவேன். ஆனா வர்றேன்."

நம்பிச் சொன்னேனா என்று கேட்டால், சொன்ன பிறகுதான் நம்பினேன் என்பேன். எனக்கு எல்லாமே பிந்தித்தான்.

பின்னால் துடைப்பத்தின் சத்தம் நின்றது. "கிராணி ஐயா, அம்மா அந்தப் பக்கம்ல இருக்காங்க," என்றார் குழி வெட்டுகிறவர். "இது உங்க எடம்."

கல்லில் அவள் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"நாந்தானே வெட்டுனேன், எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீங்க அங்க, தலமாட்டுல மதிலோரமா நின்னீங்க. அங்கேருந்து பார்த்தா எடது. இங்க கால்மாட்டுலேருந்து பார்த்தா வலதுல்ல?"

படித்தவன் தலையில் அந்த எளிய கணக்கு இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று மாதப் பூவும் மூன்று மாதப் பேச்சும் என்னுடைய வெறும் புல்லுக்கே போயிருந்தன. வலப்பக்கம் நகர்ந்தேன், என் சிவப்புப் பெயருக்கு நேரே. அங்கே நின்று மறுபடியும் சொன்னேன். அதற்குள் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் அவரைப் பிடித்தேன். "மூணு மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் துடைப்பத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நீங்க எடத்தப் பார்த்துக்க வர்றீங்கன்னுல்ல நெனச்சேன். கவலப்படாதீங்க ஐயா, அத யாரும் எடுத்துக்கமாட்டாங்க."