சீட்டுக்கு அடியில் இருந்த சேறு

ஜெசிந்தா சிஸ்டர் போய்விட்ட செய்தி, பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்கு எதிரே நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவர் கணவர் அருளப்பன்தான் பேசினார். "கோயிலுக்குப் போயிட்டு வந்து, கொஞ்ச நேரம் படுக்கறேன்னு சொன்னாங்க. எழுப்பறேன், எந்திரிக்கலைங்க."

நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிட்டது. 'சேவையின் சிகரமே' என்று எழுதி, கீழே பதினைந்து பேர் தங்கள் படங்களைப் போட்டிருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேராவது, இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே தெருவில் நின்றுகொண்டு 'கார் கிறுக்கி' என்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள். ஆனால் அந்தப் பேனரில் இருந்தவர்கள் எல்லோரையும்விட நான் மோசமானவன். நம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள், சிஸ்டரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். அவரைப் பற்றி நல்லதாக எழுத உட்கார்ந்தால், என்னைப் பற்றிக் கெட்டதாக எழுதாமல் முடியவில்லை.

உங்களுக்குத் தெரியும், அவர் ஸ்டாஃப் நர்ஸ், நான் மருந்து கொடுக்கும் இடத்தில். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கூரை. கம்பைநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி, சர்க்கரைப் புண்ணில் புழு வைத்த காலோடு வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். வார்டே காலியாகிவிட்டது. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். சிஸ்டர் மட்டும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புழுவாக எடுத்துக்கொண்டே, "மாடு எத்தன லிட்டர் கறக்குதுங்க?" என்று அந்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாத்தங்கறது ஒரு தகவலுங்ணா. உள்ள என்னமோ கெட்டுப்போச்சுன்னு அது சொல்லுது. மூக்க மூடிக்கிட்டா நட்டம் யாருக்கு?"

அப்போதெல்லாம் அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வத்தல்மலைக்கு மருத்துவ முகாம் போகும்போதெல்லாம் பழைய ஜீப்பின் பின்சீட்டில் குலுங்கிக் குலுங்கி அவர் இடுப்பு போயிருந்தது. பெரிய டாக்டர் ஒருவருடைய வெளிநாட்டு எஸ்யூவியில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறார். "ரிட்டயர்டு ஆனதும் அந்த மாதிரி ஒண்ணு, பழசா இருந்தாலும் பரவால்ல, வாங்கி நானே ஓட்டிக்கிட்டு மல ஏறணுங்ணா. முதுகு நோவாம ஒரே ஒரு தடவ." இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆண்கள் ஆசைப்பட்டால் வசதி, அறுபதை நெருங்குகிற நர்ஸ் ஆசைப்பட்டால் கிறுக்கு.

என் சித்தப்பா மகன் முருகேசன் பழைய கார் வியாபாரம் செய்கிறான். சிஸ்டர் ஓய்வு பெற்ற சமயம் அவனிடம் அப்படி ஒரு வண்டி வந்திருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே என்னிடம் காட்டியிருந்தான். "வெள்ளத்துல நின்ன வண்டிண்ணா. தொடச்சு வுட்டு, செண்டு அடிச்சா யாருக்குத் தெரியப்போவுது?" நானும் சிரித்தேன். எழுதும்போது அந்தச் சிரிப்பு வாயில் கசக்கிறது.

சிஸ்டர் பார்க்க வந்த அன்று வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே மல்லிகை வாசம். அவர் கதவைத் திறந்து மூடினார், சீட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு முருகேசனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்: "அண்ணா, வண்டி எப்பிடிங்க?"

என் மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தவன் முருகேசன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லாத்தான் இருக்குதுங்க சிஸ்டர்," என்றேன்.

முதல் மழையிலேயே மல்லிகை போய்விட்டது. உள்ளே சாக்கடை நாற்றம். விளக்குகள் தானாக எரிந்தன, ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றது. பெங்களூரில் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, இதைச் சரி செய்வதற்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்களாம். சிஸ்டர் அழவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு வண்டியை உள்ளே விட்டார். ஸ்பேனர் செட் வாங்கினார். செல்போனில் கன்னடத்திலும் இந்தியிலும் வீடியோ பார்த்து, புரியாததை ரஹீம் பாயிடம் கேட்டார். பாய் பக்கத்துத் தெரு மெக்கானிக். வெள்ளிக்கிழமை கடை மூடியிருக்கும்போது வந்து உதவுவார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் சிஸ்டர் ஆஸ்பத்திரி டிரேயில் அடுக்கி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைக் கிழித்து அதில் நம்பர் எழுதி ஒட்டி வைத்திருந்தார்.

சீட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். போகாமல் இருக்க என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. நானும் பாயும் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தோம். சிஸ்டர் தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்து உரித்தார். அடியில் கறுப்புச் சேறு, கஞ்சி மாதிரி. அதில் முடிக்கற்றை, பிளாஸ்டிக் கவர், அழுகிப் பாதி தோலாகிப்போன எலி ஒன்று. நாற்றம் முகத்தில் அறைந்தது. நான் ஓடிப்போய் முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

"கக்கிட்டு வாங்கண்ணா, அவசரமில்ல," என்றார். அவர் எலியை வாலைப் பிடித்து எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். வெளியே தெரிகிற பாகம் சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் குறுக்கே பழுப்பு நிறக் கோடு. "தண்ணி இதுவரைக்கும் நின்னிருக்குது பாருங்க. ஒக்காந்த ஆளுக்கு நெஞ்சு மட்டத்துக்கு."

அடுத்து பாய் ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றினார். மோதினால் உப்பி வந்து ஆளைக் காக்கிற ஏர்பேக் அங்கே இருக்க வேண்டும். பாய் விரல் விட்டு இழுத்தார். கட்டம் போட்ட பழைய லுங்கித் துணி, முழம் முழமாக வந்தது.

"ஏர்பேக்க கழட்டித் தனியா வித்துட்டானுங்க," என்றார் பாய். "அது இல்லைன்னா மீட்டர்ல லைட்டு எரிஞ்சு காட்டிக் குடுக்கும்ல, அதுக்கு ஒயர வேற பக்கம் சேத்து வுட்டிருக்கானுங்க."

புழுவுக்கும் சீழுக்கும் சுளிக்காத அந்த முகம் சுளித்ததை அன்றுதான் பார்த்தேன். துணியை அவர் கையால் தொடவில்லை. "ரத்தப் பாட்டில்ல செவப்புத் தண்ணி ஊத்தி மாட்டி வச்ச மாதிரி இருக்குது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"இது தெரியாதுங்க சிஸ்டர். சத்தியமா." அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நிறுத்த முடியவில்லை. "தண்ணியில நின்னது தெரியும்."

பாய் எழுந்து வெளியே போய்விட்டார். சிஸ்டர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

"கை கழுவிட்டுப் போங்க சார்," என்றார். "நாளைக்கும் வாங்க. இன்னும் பாதி சேறு கெடக்குது."

அன்றிலிருந்து நான் சார். கடைசிவரை சார்தான்.

அந்த வாரமே முருகேசனை வரவழைத்தார். அவன் லுங்கித் துணியைப் பார்த்தான், வெயிலில் காய்ந்த எங்கள் சேற்று வாளிகளைப் பார்த்தான். துளியும் கூசவில்லை. "நான் வாங்கனப்பவே அப்பிடித்தாங்க இருந்திருக்கும். வுடுங்க, நானே எடுத்துக்கறேன். கர்நாடகா பக்கம் தள்ளிடலாம். உங்க காசு உங்களுக்கு."

"தள்றதுன்னா, யார் மேல தள்றது?" என்று கேட்டார் சிஸ்டர்.

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரோ ஒருத்தன் வாங்குவானுங்க."

"அந்த யாரோ ஒருத்தன் நெஞ்சு எலும்பு ஒடஞ்சு வந்தா, நாந்தான பஞ்சு வச்சுத் தொடைக்கணும்? முப்பது வருசம் தொடச்சாச்சு தம்பி. போயிட்டு வாங்க."

போட்ட பணம் முழுசாகத் திரும்பும் வழி அவர் கைக்கு வந்தது. அவர் அதை வேண்டாம் என்றார். தெருவில் இதற்கும் சிரித்தார்கள்.

வண்டியைச் சரி செய்யப் பத்து மாதம் ஆயிற்று. மறுநாளும் போனேன், பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனேன். விரிப்பை பிளீச்சிங் பவுடரில் ஊறப் போட்டுத் தேய்த்தேன். பச்சை பூத்த ஒயர் முனைகளை ஸ்பிரிட்டும் பல் துலக்கும் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்தேன். சீட்டுக்கு அடியில் இருந்த எலக்ட்ரானிக் பெட்டிகள் மூன்றை மாற்ற வேண்டியிருந்தது. சீட்டுப் பஞ்சை மொத்தமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். ஏர்பேக் மட்டும் கம்பெனியிலிருந்து புதிதாக வந்து, அவர்கள் ஆளே மாட்டிவிட்டுப் போனான். அதில் சிஸ்டர் கை வைக்கவில்லை. "தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி செய்யறதும் பொய்தான் சார்," என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. காபி மட்டும் தவறாமல் வந்தது.

வண்டி தயாரானதும், வத்தல்மலைக்கு என்னையும் பாயையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அருளப்பன் முன்னால். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, "நோவல... கொஞ்சங்கூட நோவலைங்க," என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே போனார். மேலே, ஊர்க்காரர் ஒருவர் ஆசையாக உள்ளே தலையை நீட்டினார். அன்று தூறல். "என்னமோ வாசம் வருதுங்களே?"

"சாக்கடத் தண்ணியில நின்ன வண்டிங்க," என்றார் சிஸ்டர், வணக்கம் சொல்வது போல. "எவ்வளவோ கழுவியாச்சு. மழ வந்தா கொஞ்சம் வரும்." கேட்டவர்கள் எல்லோருக்கும் அப்படியே சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்தால் முருகேசன் என் வீட்டுப் படி ஏற மாட்டான். என் மனைவி, மகளின் புகுந்த வீட்டார், எல்லோரோடும் சண்டை வரும். வரட்டும். சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: நாறுவதை நாறுகிறது என்று ஆள் கேட்கும்படி சொல்லிவிடுவது. அவருக்கு அது சுலபமாக வந்தது. எனக்கு வர, அவர் மண்ணுக்குள் போக வேண்டியிருந்தது. அதுவும் அசிங்கம்தான்.